விழுங்காத மாத்திரைகள்
கொடைக்கானல் பஜாரில், தைலக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை. பதினோரு மணியாகியும் மூடுபனி விலகவில்லை. ஜன்னலில் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் வெளிச்சம். கவிழ்ந்த பிஸ்கட் டப்பாவிலிருந்து செங்கல் நிற மாத்திரைகள் தரையெங்கும் உருண்டு கிடக்கின்றன. கடைக்காரர் ஜுபைர் அவற்றைப் பார்க்காமல் தன் கால் நகத்தையே பார்க்கிறார். காசநோய்ப் பிரிவிலிருந்து வந்திருக்கும் புவனா காலி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மாத்திரையைப் பிதுக்கினால்தான் அடியில் அச்சிட்ட போன் நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் விழுங்கிவிட்டார் என்று பதிவாகும். மூன்று மாதமாக ஜுபைர் ஒருநாள்கூடத் தவறாமல் மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார்; பிதுக்கிய மாத்திரைகளோ பிஸ்கட் டப்பாவுக்குள் போயிருக்கின்றன. “இருமல் நின்னுபோச்சும்மா, அதான்...” என்கிறார். “கிருமி சாகலையே பாய். மருந்து பட்டதும், வளர்றதுக்கான ஜீனை அமத்திட்டு, தாக்குப்பிடிக்கிற ஜீனை முடுக்கி விட்டுட்டுப் பதுங்கிக் கெடந்துச்சு. நீங்க நிறுத்துனதும் எந்திரிச்சிருச்சு.” அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாசலில் அவர் மனைவி அமீருன்னிசா, புவனா கொடுத்த, தன் பெயர் எழுதிய சளிப் பரிசோதனை டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு வாரமாக அவளுக்கும் இருமல். “காத்தோட்டமா வெளிய நின்னு, நல்லா இருமி, சளிய எடுத்துட்டு வாங்கக்கா” என்கிறாள் புவனா. அமீருன்னிசா அறைக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளிக்குப் போகிறாள். முதல் இருமல் கேட்கிறது. பக்கத்துக் கடையில் பேச்சு நிற்கிறது. ஜுபைரின் கை தானாக எழுந்து ஜன்னலைச் சாத்துகிறது.