பத்தே நிமிடம்

கலைவாணனைப் பார்த்ததும் முத்தியால்பேட்டை மருந்துக்கடை சுப்பராயனுக்கு முகமெல்லாம் பல். எந்த மருந்து தீர்ந்தாலும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டுவார். மொத்த வியாபாரியின் ஆளான கலைவாணனுக்கு எஸ்எம்எஸ் போகும். பத்தே நிமிடத்தில் மருந்தோடு வந்து நிற்பான். இன்றைக்குத் தைராய்டு மாத்திரை.

"தட்டாஞ்சாவடி குடோன்லேர்ந்து எப்பிடித் தம்பி பறந்து வர்ற?"

"எல்லாம் உங்க கம்ப்யூட்டர் மகிமைண்ணே."

"முன்னல்லாம் எதிர்க்கடை ஏழுமலைகிட்ட கைமாத்து வாங்குவேன். என் தங்கச்சி புருஷன்தான். காதுகுத்துல என்னை முதல் பந்தியில உக்கார வைக்காத பய! இனிமே அவன் கடை மருந்து என் கடைப் படி ஏறாது."

"அதான் நான் இருக்கேனேண்ணே" என்ற கலைவாணனின் செல்போன் சிணுங்கியது. ஏழுமலையின் ஆர்டர். அந்தக் கடையிலும் அதே கம்ப்யூட்டர்தான்.

படித்துவிட்டு நிமிர்ந்தான். "அண்ணே, உங்ககிட்ட சுகர் மாத்திரை தேங்கிக் கிடக்கே. நாலு அட்டை ரிட்டர்ன் எடுத்துக்கவா?"

"தாராளமா! இப்பிடி ஒரு கம்பெனி எங்க கிடைக்கும்?"

அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து டீக்கடையில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தான் கலைவாணன்.

டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினார். "இப்பத்தான் எதிர்க்கடையில வாங்கி இங்க குடுத்த. இப்ப இங்க வாங்கி அங்க குடுக்கப் போற. ரோட்டைத் தாண்டினா கடை. குடுத்துட்டு வந்து குடியேன்!"

"இருங்கண்ணே, தட்டாஞ்சாவடியிலேர்ந்து வர வேணாமா?"