மேல்மாடி, ஒன்பதாம் நம்பர்

யட்டவத்தைக்கு மேலே உள்ள தோட்டத்தில் தொண்ணூற்றாறில் தொழிலாளர் குடியிருக்க மாடி லயம் கட்டினார்கள். கீழே எட்டு வீடு, மேலே எட்டு வீடு என்று திட்டம். கீழ்வீடுகள் எழும்பியதும் கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் தகரத்தைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். மாடியும் இல்லை, ஏறுவதற்குப் படியும் இல்லை.

பழைய லயத்தின் ஒழுகும் ஒற்றையறைக் காம்பராவில் நான்கு பிள்ளைகளோடு இருந்த அந்தோனியம்மா, இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீடமைப்புக் கந்தோருக்குப் போனாள். அங்கிருந்த ஐயா பைலைப் புரட்டினார்.

"ஒங்களுக்குத்தான் குடுத்தாச்சேம்மா. மேல்மாடி, ஒன்பதாம் நம்பர். குடிபோயி ரெண்டு வருஷமாச்சு."

"மாடியே கட்டலீங்க ஐயா."

"பைல்ல இருக்கு."

பொழுது சாயத் திரும்பியவளை புது லயத்தின் முதலாம் வீட்டு நோபர்ட் தன் வாசலில் மறித்தான்.

"அக்கா, இந்நேரத்துல மொளகா இடிக்காதீங்க. தகரத்துத் துருவெல்லாம் சோத்துல கொட்டுது."

"நான் இப்பத்தானே வாறேன் தம்பி."

நோபர்ட் மேலே கைகாட்டினான். தகரத்துக்கு மேலே வெறும் வானம். அங்கிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. நடுவில் ஒருத்தி பிள்ளைகளைப் பெயர் சொல்லி அதட்டினாள். அந்தோனியம்மாவின் குரல். அவளுடைய பிள்ளைகளின் பெயர்கள், நான்கும்.

அந்தோனியம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கயும் ஒழுகுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லு தம்பி" என்றாள்.