சிரட்டைக்குள் மஞ்சாடி

நாளை பள்ளிக்கூடத்தில் வாய்க்கணக்குப் பரீட்சை. தேறாவிட்டால் அனந்தத்துக்கு மறுபடியும் ஒன்றாம் கிளாஸ்தான். “ஏழிலே மூணு போனா எத்தனைடி?” என்று காலையிலிருந்து கேட்டுச் சலித்த அப்பா பட்டாபி, கச்சேரி உத்தியோகத்துக்குப் புறப்படத் தலைப்பாகை சுற்றுகிறார். முற்றத்தில் மழை விட்ட வெயில். ஈரக் கல்லில் ஒன்பது மஞ்சாடி விதைகள் சிவப்பாய் மின்னுகின்றன. அடுத்தாத்துக் கோமு அவற்றைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடுகிறாள்; அடியில் கைவிட்டுச் சிலதை அள்ளிக்கொண்டு சிரட்டையைத் தூக்குகிறாள். மிச்சம் ஐந்து. “எத்தனை எடுத்தேன், சொல்லு பார்ப்போம்.” “நாலு. கையைத் திறடி, கள்ளி” என்கிறாள் எதிரே உட்கார்ந்திருக்கும் அனந்தம். கோமுவின் உள்ளங்கையில் நாலேதான். தலைப்பாகை பாதியில் அவிழ, பட்டாபி முற்றத்துக்கு ஓடிவருகிறார். “அனந்தம், ஏழிலே மூணு போனா?” அவள் கூரையைப் பார்க்கிறாள். பிறகு சந்தேகத்தோடு கேட்கிறாள்: “எடுத்தது யாருப்பா, கோமுவா?” “ஆமாம், கோமுதான்.” “அப்போ மிச்சம் நாலு.”