பக்கத்துக் கடைப் பார்சல்

"பாத்தியா, இன்னிக்கும் ஒண்ணு போவுது" என்றார் ஜமால்.

பக்கத்துக் கடை வாசலில் கூரியர்காரர் பழுப்புத் தாள் சுற்றிய பார்சல் ஒன்றை பைக்கின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த பீவி தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதான போவுது? அதுக்கு உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்கு?"

ஒன்றுதான். ஆனால் அவளுடைய கணவரின் கண்ணுக்கு அது ஒரு லாரி லோடாகத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தவர் வாயில் வைக்காமல் அந்த பைக் முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாராவியில் ஜமால் பழைய மரக்கடை வைத்திருந்தார். மும்பையில் எங்கே பழைய கட்டடத்தை இடித்தாலும் அங்கே போய் தேக்கு உத்தரமும் கதவும் நிலையும் வாங்கி வந்து, ஆணி பிடுங்கி, ஃபர்னிச்சர் செய்கிறவர்களுக்கு விற்பார். மிஞ்சுகிற துண்டுகள் டீக்கடை அடுப்புக்குப் போகும்.

அதே மாதிரித் துண்டுகளைத்தான் நேற்று முளைத்த இந்தப் பக்கத்துக் கடை ராஹில் இழைத்து, துடைத்து, போட்டோ பிடித்து ஆன்லைனில் விற்கிறான். வீட்டில் பொழுதுபோகாமல் மரவேலை செய்கிறவர்கள் வாங்குவார்களாம். "அடுப்புல போறத அட்டைப்பெட்டியில போட்டு அனுப்புதான்" என்று சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் ஜமால்தான்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு கடையும் பேகம் என்ற அம்மாளுக்குச் சொந்தம். ராஹில் காலி செய்தால் அந்த இடம் ஜமாலுக்கு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஜமாலின் சரக்கில் பாதி, இடமில்லாமல் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் சந்திலேயே கிடந்து ஒவ்வொரு மழைக்கும் ஊறியது. அந்தக் கடை மட்டும் கிடைத்துவிட்டால் நடுச்சுவரை இடித்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிடலாம். பையன் மிஞ்சிப் போனால் இரண்டு மாதம் தாங்குவான் என்று நினைத்திருந்தார்.

ஆனால் கடை திறந்த வாரமே நாலைந்து பார்சல் போயிற்று. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் விடவில்லை.

அப்படி என்னதான் அனுப்புகிறான் என்று பார்க்க, பீவியின் தம்பி ஆஷிக் பெயரில், கோவண்டியில் இருக்கிற அவனுடைய வீட்டுக்கு ஒரு ஆர்டர் போட்டார். பார்சலைப் பிரித்தால் பட்டுப் போல இழைத்த தேக்குத் துண்டுகள், ஒரு ஆணி இல்லை, ஒரு சிராய் இல்லை. ஆற மாட்டாமல், முனையில் வெடிப்பு இருக்கிறது என்று ஆஷிக் பெயரிலேயே ஒரு புகாரும் எழுதிவிட்டார். அடுத்த பார்சலில் வந்த துண்டுகளுக்கெல்லாம் முனை வெடிக்காமலிருக்க மெழுகு பூசியிருந்தது. எமகாதகன் என்று பல்லைக் கடித்தார்.

அதிலிருந்து இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பார்சல் கிளம்பினால் போதும், ஜமாலின் கை போனுக்குப் போய்விடும். இந்தத் தடவையாவது ஒரு தப்பு அகப்படாதா என்று இன்னொரு ஆர்டர் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இப்போதும் சாப்பாட்டுக் கையோடு, இடது கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி காலையில போன் பண்ணுனான்" என்றாள் பீவி. "கட்டிலுக்கு அடியில எடமே இல்லியாம். இனியும் வந்தா அடுப்புல வச்சிருவேங்கான்."

"நான் வேவு பாக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் அது வெளங்காது."

"அவன் பொழப்ப அவன் பாக்கான். நீங்க ஒங்க பொழப்பப் பாருங்க."

அதற்குள் ராஹிலே வந்துவிட்டான். கையில் பேரீச்சம்பழ டப்பா, முகமெல்லாம் சிரிப்பு.

"எடுத்துக்கங்க மாமா, மாமி நீங்களும் எடுங்க. பேகம் ஆன்ட்டிகிட்ட இன்னும் மூணு வருசத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுட்டேன்."

எடுத்த பழத்தை ஜமால் அப்படியே சோற்றுத் தட்டில் வைத்தார். இன்னும் மூன்று மழைக்காலம் அவருடைய தேக்கு சந்தில்தான் கிடக்க வேண்டும். அழுகை வராத குறைதான், ஆனாலும் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டார்.

"யாவாரம் அவ்வளவு ஜோரா நடக்கோ மருமவனே? ஊரு பூரா ஆளு பிடிச்சிட்ட போல."

"நீங்க வேற மாமா. மொத வாரம் கூடப் படிச்சவனுங்க பாவம் பாத்து நாலஞ்சு வாங்குனானுங்க, அதோட சரி. காலி பண்ணுதேன்னு ஆன்ட்டிகிட்ட சொல்லவே போயிட்டேன்."

ஜமாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொறவு?"

"அந்த நேரம் பாத்து ஒருத்தர் ஆர்டர் போட்டாரு. இன்னிக்கு வரைக்கும் நிறுத்தல. இப்பிடி ஒரு ஆளு இருந்தா இன்னும் நூறு பேராவது இருப்பாங்கல்லா, அந்தத் தெம்புலதான் கையெழுத்தே போட்டேன்."

"யாருல அந்தப் புண்ணியவான்?" என்றார் ஜமால்.

"கோவண்டியில ஆஷிக்னு ஒரு பாய். அவரு மட்டும் இல்லேன்னா, என் கடைச் சாவி என்னைக்கோ உங்க கையில மாமா."