பெயர் கூப்பிடும் நேரம்

நீதிமன்றத் தாழ்வாரத்துப் பெஞ்சில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்க்காத மாதிரி அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"பேரை மூணு தடவை கூப்பிடுவாங்கம்மா. எந்திரிச்சு வரலேன்னா கேஸ் தள்ளுபடி. இத்தனை நாள் அலைஞ்சதெல்லாம் தண்டம்," என்று சொல்லிவிட்டு அவளுடைய வக்கீல் இன்னொரு வழக்குக்காக மாடிக்கு ஓடினார்.

செய்தியில் நீதித்துறை என்று கம்பீரமாகச் சொல்கிறார்கள். அவளுக்கு அது இந்தப் பெஞ்சு, தலைக்கு மேலே முனகும் மின்விசிறி, கதவோரம் நின்று பெயர் கூப்பிடும் டவாலியின் குரல்.

விவாகரத்து கேட்டவள் அவள்தான். அடிதடி இல்லை, குடி இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவ்வளவுதான். அதை அப்படியே மனுவில் எழுத முடியாதென்று 'மன உளைச்சல்' என்று போட்டிருந்தார்கள்.

ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கண் சொருகியது. மதிய வெயில் தரையில் தண்ணீராய் அலையடித்தது. கட்டுக் கட்டாகக் கோப்புகள் அதன் மேல் மிதந்து போயின. கறுப்புக் கோட்டுகள் மீன்களைப் போல வளைந்து திரும்பின.

அக்கரையிலிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வந்துட்டேன் என்று சொல்ல நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

தலை எதன் மேலோ சாய்ந்திருந்தது. ஒரு தோள். அவள் தலைக்கு வாகாக அது கொஞ்சம் தாழ்ந்து கொடுத்தது.

"என்னப்பா, தோளைத் தலகாணியா வாடகைக்கு விட்டுட்டியா?" எதிர்ப் பெஞ்சுப் பெரியவர் சிரித்தார்.

"மெதுவாங்க. தூங்கட்டும்."

மறுபடியும் அவள் பெயர். இந்தமுறை நன்றாகவே கேட்டது. கண் விழித்தாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கதவு. எழுந்து போனால் இன்றோடு எல்லாம் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்று நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

டவாலி தொண்டையைச் செருமினார். கடைசி முறையாக அவள் பெயரோடு எதிர்த்தரப்பின் பெயரையும் சேர்த்து, நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்.

அவள் கன்னத்தின் கீழ் அந்தத் தோள் ஒரு கணம் அதிர்ந்தது. எழுந்திருக்கவில்லை.

டவாலி பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவுக்குள் தலையை நீட்டினார்.

"ரெண்டு பேருமே வரலைங்கய்யா."