இரண்டாவது புகார்

“சொந்தத் தங்கச்சியைக் கொண்டுவந்து சோதனை வேலையில உட்கார வெச்சிருக்கீங்க. உங்களை மாத்த இது ஒண்ணு போதாதா?”

விசாரணைக்கு வந்த அதிகாரி புகார்த் தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். பழைய நீராவி இன்ஜினை மறுபடி ஓடவைக்கும் அந்தப் பட்டறைக்குள் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் மேலாளரை வீட்டுக்கு அனுப்பும் முடிவுக்கே வந்துவிட்டார்.

“புகார் மொத்தம் ரெண்டு சார். இன்னொண்ணையும் படிச்சுடுங்க” என்றார் மேலாளர்.

“ஒண்ணே போதும். நாளைக்கு அடுப்பு மூட்டப் போறீங்க. பாய்லர் வெடிச்சா யாரு பதில் சொல்றது?”

மூத்த ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். புகாரில் முதல் கையெழுத்து அவருடையது. பொறாமையில் போட்டதல்ல, பயத்தில் போட்டது.

“அவ வேலையை ஒரு தடவை பார்த்துட்டு என்னை அனுப்புங்க சார்.”

வேண்டாவெறுப்பாக இன்ஜின்மேல் ஏறிய அதிகாரி, நிலக்கரி எரிக்கும் அறைக்குள் தலையை நீட்டினார். ஒரு சின்ன வீட்டுச் சமையலறை அளவு இருந்தது அது. சுவரெல்லாம் போல்ட்டுகள், அறுநூற்றுக்கும் மேல். பாய்லரின் உள்சுவரும் வெளிச்சுவரும் பிய்த்துக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்துபவை. நடுவில் அந்தத் தங்கை, இடது உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி, வலது கைச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்ல போல்ட்டு கணீர்னு இருக்கும், உடைஞ்சது பொத்துனு இருக்கும். அதானே சோதனை? வெளியே கம்ப்ரஸர் இந்தக் கத்து கத்துதே” என்றார் அதிகாரி.

“வேணும்னா நிறுத்தறேன். அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார் மேலாளர்.

“இந்தாம்மா” என்று அதிகாரி கூப்பிட்டார். அவள் திரும்பவே இல்லை. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டார்.

மேல் வரிசையில் ஒரு போல்ட். தட்டினாள். கண்ணை மூடி மறுபடி தட்டினாள். பிறகு சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“மெஷின் வெச்சுப் பார்த்தப்ப அது நல்லாயிருக்குன்னுதான் வந்துச்சு” என்றார் ஃபிட்டர்.

“வெட்டி எடுங்க, பார்த்துடலாம்” என்றார் அதிகாரி.

ஃபிட்டரே வெட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. முறிந்த இடத்தில் பழைய துரு படிந்திருந்தது.

“ஒண்ணு உடைஞ்சா பக்கத்துல இருக்கறது, அப்புறம் அதுக்குப் பக்கத்துல இருக்கறது…” ஃபிட்டர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

எத்தனையோ பட்டறைகளைப் பார்த்த அதிகாரி, அந்தத் துண்டுகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் நின்றார்.

“இப்படி ஒரு காதை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. உங்களை மாத்தினா என்னை மாதிரி முட்டாள் யாருமில்ல.”

ஃபிட்டர் எழுந்து வந்தார்.

“சார், அந்த ரெண்டாவது புகாரை என் கையாலயே அடிச்சுடட்டுமா?”

“அப்படி என்னய்யா எழுதியிருக்கீங்க?” அதிகாரி தாளைப் பிரித்தார்.

‘2. சுத்தியலால் தட்டி ஓசையை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் வேலை, பிறவியிலேயே காது கேளாத ஒருவரிடம் விடப்பட்டுள்ளது.’