மெஷினுக்கு வந்த குளிர்

"எத்தனை வருஷமா ஒரு ஏசி கேட்டோம். மனுஷங்களுக்குக் கிடைக்கல. இந்த இரும்புப் பெட்டிக்குக் கிடைச்சிருக்கு."

பில்லிங் அக்கா யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் காதில் விழும்படிதான் சொன்னாள்.

உதிரி பாகங்கள் விற்கும் மொத்த வியாபாரக் கம்பெனி. மாடியில், தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஹால். வெயில் ஏறினால் மேஜைமேல் கை வைக்க முடியாது. போன மாதம் கேஷியர் பெண் உட்கார்ந்த இடத்திலேயே மயங்கிச் சரிந்தாள். அப்போதும் முதலாளி அசையவில்லை. "எல்லாரும் தண்ணி நிறையக் குடிங்க" என்றதோடு சரி.

இப்போது எல்லாக் கிளைகளின் ஸ்டாக்கையும் பில்லையும் ஒரே இடத்தில் ஓட்ட யூனிக்ஸ் சர்வர் கம்ப்யூட்டர் ஒன்று வந்திருக்கிறது. இரும்பு ரேக்கில் செருகிய, சூட்கேஸைவிடச் சின்னப் பெட்டி. அதற்காக ஏசி. அதற்காக அக்காவின் மேஜை பாத்ரூம் கதவோரம் தள்ளப்பட்டது.

குளிர் எல்லோருக்கும்தான் வந்தது. அக்காவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. பெட்டியைப் பொருத்திய அன்று முதலாளி சொன்ன வார்த்தை அப்படி.

"ஏசி இதுக்குத்தான். உங்களுக்குன்னு நினைச்சு யாரும் ரிமோட்டைத் தொட்டுடாதீங்க."

மேனேஜர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாள் பூரா இது கொய்ங்னு கத்துது. போன்ல பேசறது கேக்கல. பக்கத்துல சின்ன ரூம் சும்மாத்தானே கிடக்கு? அங்க தூக்கி வைக்கச் சொல்லுங்க."

"இங்கேயே இருக்கட்டும்மா."

"ஏன் சார்?"

"இருக்கட்டும்மா. அந்தப் பேச்சை விடுங்க."

"இந்த மெஷின் மேல இருக்கிற அக்கறையில கால்வாசி எங்க மேல இருந்திருந்தா, அந்தப் பொண்ணு மயங்கி விழுந்திருக்க மாட்டா. முதலாளிக்கு ஜால்ரா போடறது போதாதுன்னு அவரோட மெஷினுக்கும் போடறீங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பில் கட்டில் குனிந்தார்.

அது அவள் கோபத்தை இன்னும் கிளறியது. விறுவிறுவென்று கீழே இறங்கி முதலாளி அறைக்கே போய்விட்டாள். சத்தம், இட நெருக்கடி, தலைவலி என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சரி, மாத்திடலாம்" என்றார் முதலாளி, உடனே.

மேலே வந்தவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கேக்க வேண்டியவங்க கேட்டா நடக்கும்."

"முதலாளிகிட்டயே போயிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார் மேனேஜர்.

அந்த வாரமே சர்வர் கம்பெனி இன்ஜினியர் வந்து பெட்டியைச் சின்ன அறைக்கு மாற்றினார். பின்னாலேயே ஏணியோடு வந்த இரண்டு பேர் ஏசியைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"அதை ஏன்ப்பா கழட்டறீங்க?" அக்கா பதறி எழுந்தாள்.

"மெஷின் இருக்கிற இடத்துலதான் ஏசி இருக்கணுமாம். முதலாளி சொல்லிட்டாரு."

அவள் இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "இப்படி மாத்தி மாத்தி வைக்கிறதுக்கு, முதல்லயே அந்த ரூம்ல வெச்சிருக்கலாமே சார்?"

இன்ஜினியர் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன் மேடம். அடக்கமான மெஷின், சின்ன ரூமே தாராளம், இவ்வளவு பெரிய ஏசியும் தேவையில்லைன்னு. உங்க மேனேஜர்தான் கேக்கல. ஹால்லதான் வைக்கணும், ஹால் முழுக்கக் குளிரணும்னு மெஷின் பேரைச் சொல்லி வாங்கிட்டாரு."

தலைக்கு மேல் ஃபேன் மறுபடியும் அனலைக் கிளப்பியது. அக்காவுக்கு நிமிர முகமில்லை.

மேனேஜர்தான் அவள் மேஜைக்கு வந்தார்.

"விடுங்கம்மா. பிரிண்டர் வெக்கை தாங்க மாட்டேங்குதுன்னு அடுத்த வாரம் முதலாளிகிட்ட பேசிப் பாக்கறேன்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதையாவது நகர்த்தச் சொல்லிடாதீங்க."